ரிப்பனில் இல்லாத நட்சத்திரம்: ஒரு சித்தூர் மாலுமியின் பதக்கங்கள்

இரண்டாம் உலகப் போரில் ராயல் இந்தியன் நேவியில் மாலுமியாக இருந்த என் தாத்தாவின் பதக்கங்கள் மூன்று, சித்தூர் வீட்டு ட்ரங்குப் பெட்டியில் இருக்கின்றன: பர்மா ஸ்டார், 1939–45 வார் மெடல், இந்தியா சர்வீஸ் மெடல். சர்வீஸ் சர்டிபிகேட் இல்லை. இவற்றைப் பற்றி முதலில் எழுதியவர் திருப்பதியில் வாழ்ந்த என் பெரியப்பா. அவர் தட்டச்சு செய்து வைத்த குடும்ப வரலாறு இரண்டு முடிவுகளைச் சொல்கிறது. 1942 ஏப்ரல் 6 அன்று ஜப்பானியர் விசாகப்பட்டினத்தில் குண்டு வீசியபோது தாத்தா அங்கே பணியில் இருந்தார், அதற்காகத்தான் பர்மா ஸ்டார் வந்தது என்பது ஒன்று. நான்காவதாக 1939–45 ஸ்டாரும் இருந்தது, பாகப்பிரிவினையின்போது அது தொலைந்தது என்பது மற்றொன்று. திவசத்துக்குத் திவசம் சொல்லிச் சொல்லி இரண்டுமே எங்களுக்கு வேதவாக்காகிவிட்டன.

முதல் முடிவு விதியின் முன் நிற்காது. கடற்படையினருக்கு பர்மா ஸ்டார் பொதுவாக வங்காள விரிகுடாவில் கப்பலில் செய்த பணிக்கு உரியது. காலவரம்பு 11-12-1941 முதல் 2-9-1945 வரை. விசாகப்பட்டினம் விரிகுடாவின் கரையில்தான் இருக்கிறது. ஆனால் கரையில் இருந்தவருக்குக் கடல் கணக்கு எழுதப்படுவதில்லை. அன்று அவர் அங்கே இருந்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. நட்சத்திரம் அதற்காக வரவில்லை என்பதே என் வாதம்.

இரண்டாம் முடிவுதான் வலுவானது. பெரியப்பா விதியை அறிந்தே எழுதியிருக்கிறார். கடற்படைக்காரர் ஆறு மாதக் கடற்பணியால் முதலில் 1939–45 ஸ்டாரைப் பெற வேண்டும். அதற்குப் பிறகே பர்மா ஸ்டாருக்கான கணக்கு தொடங்கும். ஆகவே பர்மா ஸ்டார் இருந்தால் மற்றதும் இருந்தே தீர வேண்டும் என்றார். அவர் கவனிக்காமல் விட்டது அதே விதியின் விலக்கு. 2-9-1945க்கு முந்தைய ஆறு மாதங்களுக்குள் கடற்பணிக்கு வந்து அந்த எல்லைக்குள் பயணித்தவருக்கு பர்மா ஸ்டார் உண்டு, 1939–45 ஸ்டார் கிடையாது.

தாத்தா எந்த வகை? பெட்டியின் அடியில், பழைய செய்தித்தாளுக்குக் கீழே, சீருடையில் அவர் எடுத்துக்கொண்ட ஸ்டூடியோ படம் கிடைத்தது. மார்பில் மூன்று ரிப்பன்கள். கருப்பு வெள்ளைப் படம், நிறம் தெரியாது. சிவப்பும் கருநீலமும் ஒன்றுபோல் இருண்டு தெரியும் என்று பெரியப்பா இருந்திருந்தால் சொல்லியிருப்பார். அதனால் நிறத்தை விட்டுவிட்டு அமைப்பை மட்டும் பார்த்தேன். 1939–45 ஸ்டாரின் ரிப்பனில் கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் என்று மூன்று சம பட்டைகள். ஒரு ஓரம் இருண்டிருக்கும், மறு ஓரம் வெளுத்திருக்கும். மற்ற மூன்று பதக்கங்களின் ரிப்பன்களும் நடுவில் மடித்தால் இரு பாதியும் பொருந்துபவை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன்: படத்திலுள்ள மூன்றுமே அப்படி இரு பக்கமும் ஒத்தவை.

ஒருவேளை நான்காவது ரிப்பன் வருவதற்கு முன்பே படம் எடுக்கப்பட்டிருக்குமோ? 1939–45 ஸ்டார் 1943-லேயே, அப்போது 1939–43 ஸ்டார் என்ற பெயரில், ஏற்படுத்தப்பட்டது. இந்தியா சர்வீஸ் மெடல் வந்தது 1946 ஜூனில். கடைசியில் பிறந்த ரிப்பன் மார்பில் இருக்கிறது, முதலில் பிறந்தது இல்லை. ரிப்பன் வழங்குவதில் ஏதோ தாமதம் என்று இன்னும் ஒருவர் வாதாடலாம். ஒற்றைப் படத்தை வைத்து அந்த வாயை முழுக்க அடைக்க முடியாது. ஆனால் வரிசையில் முதலிடம் பெற வேண்டியதை விட்டுவிட்டு, கடைசியில் வருவதைக் குத்திக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போகிற மாலுமியை என்னால் நம்ப முடியவில்லை.

இந்தியா சர்வீஸ் மெடலுக்குப் போர்முனை சாராத மூன்றாண்டுப் பணி வேண்டும். அதுவும் 2-9-1945க்குள் முடிந்திருக்க வேண்டும். எனவே அவர் சேர்ந்தது பிந்திப் போனால் 1942 செப்டம்பர் தொடக்கம். எவ்வளவு முந்தி என்பதை இந்தப் பதக்கங்கள் சொல்லாது. ஆனால் கடலேறியது 1945 மார்ச் தொடக்கத்துக்குப் பிறகே என்று துணிந்து சொல்வேன். பெரியப்பா தீட்டிய, நான்கு பதக்கங்கள் பெற்ற தாத்தாவை விட, மூன்றாண்டு கரையில் காத்திருந்து கடைசி மாதங்களில் கடல் கண்ட இந்த மனிதர் எனக்கு நெருக்கமாகத் தெரிகிறார்.

பணி ஆவணம் தேடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாலுமிகளின் பதிவேடுகளுக்குப் பொறுப்பான அலுவலகம் மும்பையில் இருக்கிறது. அங்கே எழுதும்போது இன்றைய முகவரி மட்டும் போதாது. திருப்பதி தனி மாவட்டமானது 2022 ஏப்ரல் 4-ல். திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது 1960-ல். போர்க்காலத்தில் இரண்டுமே மதராஸ் மாகாணத்துச் சித்தூர் மாவட்டம்தான். பழைய பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். வீட்டில் பதக்கம் இருந்தால் சாயம் போன ரிப்பனை மாற்றிவிடாதீர்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால், முதலில் இருக்கிற வரிசையிலேயே ஒரு படம் எடுத்து வையுங்கள்.