தனியா போட்ட குக்கீ: 1796-ன் ஒரு சமையல் குறிப்பு

போன டிசம்பரில் எங்கள் அபார்ட்மெண்டில் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கொரு பலகாரம் செய்து கொண்டுவருவது என்று முடிவானது. "நான் குக்கீஸ் பண்றேன்" என்று என் மகள் பெயர் கொடுத்துவிட்டாள். பன்னிரண்டு வயது. அடுப்பு வேலைக்கு எடுபிடி நான். மாவு சலிக்கும்போது கேட்டாள்: "அப்பா, உங்க ஆபீஸ் கால்ல குக்கீ குக்கீன்னு பேசுவீங்களே, அதுவும் இதுவும் ஒண்ணா?"

பாதிக் கேள்விக்குப் பதில் தெரியும். 1994-ல் நெட்ஸ்கேப்பில் வேலை பார்த்த லூ மோன்டுல்லி, யூனிக்ஸ்காரர்களிடம் ஏற்கெனவே புழங்கிய 'மேஜிக் குக்கீ' என்ற சொல்லை எடுத்து பிரவுசருக்கு வைத்த பெயர் அது. தின்கிற குக்கீ எங்கிருந்து வந்தது என்ற மிச்சப் பாதிக்குத்தான் பதில் இல்லை. வழக்கம்போலத் தேடப் போனேன். அந்தத் தேடலின் குறிப்புகள்தான் இது.

சொல் டச்சு மொழியுடையது. 'கூக்' என்றால் கேக், 'கூக்யே' என்றால் குட்டி கேக். இன்றைய நியூயார்க் 1664-ல் ஆங்கிலேயர் கைக்குப் போகும்வரை டச்சுக்காரர்களின் நியூ ஆம்ஸ்டர்டாம். கொடி மாறியது, அடுப்படி மாறவில்லை. அதனால்தான் இங்கிலாந்தில் பிஸ்கட் ஆனது அமெரிக்காவில் குக்கீ ஆனது.

இந்தச் சொல் அச்சேறிய அமெரிக்கச் சமையல் புத்தகம் 1796-ல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் வெளிவந்த 'அமெரிக்கன் குக்கரி'. அமெரிக்கர் ஒருவர் எழுதி அமெரிக்காவிலேயே அச்சான முதல் சமையல் புத்தகமாக இதைத்தான் சொல்கிறார்கள். ஐம்பது பக்கம்கூட இல்லை. எழுதியவர் அமேலியா சிம்மன்ஸ். முகப்பிலேயே தன்னை 'ஓர் அமெரிக்க அநாதை' என்று போட்டுக்கொள்கிறார்.

அதிலுள்ள கிறிஸ்துமஸ் குக்கீயின் அளவு இது: மாவு 3 பவுண்டு, வெண்ணெய் 1 பவுண்டு, சர்க்கரை ஒன்றரை பவுண்டு. ஒரு டீ கப் பாலில் 3 டீஸ்பூன் 'பேர்ல் ஆஷ்' கரைத்து ஊற்ற வேண்டும். வாசனைக்கு? ஒரு டீ கப் தனியாப் பொடி! ஏலக்காய் இல்லை, வெனிலா இல்லை. முக்கால் அங்குல கனத்துக்குத் தேய்த்து, வேண்டிய வடிவில் வெட்டி, மெதுவான சூட்டில் 15, 20 நிமிடம்.

பேர்ல் ஆஷ் என்றால் என்ன? விறகுச் சாம்பலைத் தண்ணீரில் ஊறவைத்து வடித்து, அந்த நீரைக் காய்ச்சினால் மிஞ்சுவது பொட்டாஷ். அதை மறுபடி சூடாக்கிச் சுத்தப்படுத்தினால் வெளுப்பாக வருவது பேர்ல் ஆஷ். வேதியியலில் பொட்டாசியம் கார்பனேட். நம் அப்பளக்காரத்துக்குச் சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோப்புக்கும் கண்ணாடிக்கும் அது அவசியம் என்பதால் அன்றைக்கு பெரிய வியாபாரம். 1790 ஜூலை 31 அன்று அமெரிக்கா கொடுத்த முதல் பேட்டன்ட்டே பொட்டாஷும் பேர்ல் ஆஷும் தயாரிக்கும் முறைக்குத்தான். வாங்கியவர் சாமுவேல் ஹாப்கின்ஸ், கையெழுத்துப் போட்டவர் ஜார்ஜ் வாஷிங்டன். ஈஸ்ட் போட்டு மணிக்கணக்காகக் காத்திருந்த வீட்டுப் பெண்களுக்கு இந்தச் சாம்பல் உப்பு நேரத்தை மிச்சப்படுத்தியது. ஆப்ப சோடா அமெரிக்கக் கடைகளுக்கு வந்து சேர்ந்தது அதற்கும் அரை நூற்றாண்டு கழித்து, 1840களில்.

செய்து பார்க்காமல் விட மனசு வரவில்லை. எல்லாவற்றையும் ஆறால் வகுத்தேன்: மைதா 225 கிராம், வெண்ணெய் 75, சர்க்கரை 115, தனியாப் பொடி ஒன்றரை டேபிள்ஸ்பூன், பேர்ல் ஆஷுக்குப் பதிலாக அரை டீஸ்பூன் ஆப்ப சோடா. தனியா வறுக்கும் வாசனைக்கு அம்மா எட்டிப் பார்த்தாள். "கேக்குக்கு ரசப்பொடியாடா?"

முதல் ஈடு கல். போதாததற்கு சோப்பு வாடை. காரணம் யோசித்தால் எளிது. காரம் புளிப்போடு சேர்ந்தால்தான் வாயு நன்றாகக் கிளம்பும், மாவு பொங்கும். புதுப் பாலில் அந்தப் புளிப்பு இல்லை. ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்துப் பால் கொஞ்சம் புளித்தே இருந்திருக்கும் என்பது என் ஊகம். இரண்டாவது ஈடுக்குப் பாலை எடுத்துவிட்டு மோர் ஊற்றினேன், கனத்தையும் பாதியாக்கினேன். உள்ளே பொலபொலவென்று வந்தது. தனியா வாசனை பேக் ஆனதும் ரசத்தை விட்டு ஆரஞ்சுத் தோல் பக்கம் போய்விடுகிறது. மகளின் தோழிகள் தட்டைக் காலி செய்தார்கள்.

குக்கீ முதலில் கெட்டியாக இருந்தாலும் மண்பானையில் போட்டு வைத்தால் ஆறு மாதத்தில் இன்னும் மென்மையாகும் என்கிறார் சிம்மன்ஸ். பத்து குக்கீயை ஊறுகாய் ஜாடியில் போட்டு வைத்தேன். மூன்று வாரத்தில் மெத்தென்று ஆனது உண்மை. இரண்டாம் மாதம் சிக்கு வாடை. சென்னையின் புழுக்கத்துக்கு எழுதிய குறிப்பு இல்லையே அது.

இங்கே ஒரு கிளைக்கதை. அதே டச்சுக்காரர்கள் 1658-ல் யாழ்ப்பாணத்தையும் பிடித்து, இலங்கைக் கரையோரத்தை ஆண்டார்கள். சிங்களப் புத்தாண்டுப் பலகாரமான கொக்கிஸுக்கும் இந்த டச்சுச் சொல்தான் வேர் என்று பொதுவாகச் சொல்வார்கள். அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் கலந்து, இரும்பு அச்சில் தோய்த்து எண்ணெயில் பொரிப்பது. அட, நம்ம அச்சு முறுக்கு! அதையே ஆங்கிலோ இந்தியர்கள் கிறிஸ்துமஸுக்கு ரோஸ் குக்கீஸ் என்று செய்கிறார்கள். கொழும்பு டச்சுக்காரர் கையை விட்டுப் போன வருடமும் 1796 தான்.

ஆனால் இந்தத் தேடலில் என்னை உறுத்தியது வேறு. சிம்மன்ஸின் புத்தகத்தில் ஒரு அறிவிப்பு இருக்கிறது. அச்சுக்குத் தயார் செய்யும் அளவுக்குத் தனக்குப் படிப்பு இல்லாததால் வேறொருவரை அமர்த்தியதாகவும், அந்த ஆள் அவசியமான பொருட்களை விட்டுவிட்டு வேறு எதையெதையோ சேர்த்துக் குறிப்புகளைக் கெடுத்துவிட்டதாகவும் வருந்துகிறார்.

படித்ததும் எனக்கு எங்கள் வீட்டு எக்செல் ஷீட் ஞாபகம் வந்தது. அம்மா சொல்லச் சொல்ல அதிரசக் குறிப்பை டைப் அடித்தவன் நான். "தண்ணியில ஒரு சொட்டு விட்டா உருட்ட வரணும்" என்று அவள் சொன்னதை, துல்லியம் என்று நினைத்து, 'பாகு 7 நிமிடம்' என்று மாற்றிப் போட்டேன். டொராண்டோவில் என் தங்கை அதைப் பார்த்துச் செய்தாள். அத்தனையும் எண்ணெயில் பிரிந்துபோனது. அவள் பழி போட்டது அம்மா மேல். "நான் நிமிஷம் சொல்லவே இல்லையேடா" என்று அம்மா சொன்னபோது சிரித்து மழுப்பினேன்.

அதாவது, அந்தப் பெயரில்லாத ஆள் நான்தான். சிம்மன்ஸுக்கு அறிவிப்புப் போட ஒரு பக்கம் கிடைத்தது. அம்மாவுக்கு அதுவும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த ஷீட்டைத் திறந்து 'நிமிடம்' என்ற காலத்தையே அழித்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள், மகள் அவள் வார்த்தையிலேயே எழுதினாள். தங்கைக்கும் உண்மையைச் சொல்லிவிட்டேன். தீபாவளிக்கு மறுபடி செய்து பார்க்கிறாளாம்.