முந்நூறு டாலர் அட்டை

1996-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்து சேர்ந்த 'ரைட்டியஸ் த்ரீடி' என்னும் அட்டையை 299 டாலர் கொடுத்து வாங்கிப் போனவர்கள், அதை வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் செருகிய பிறகும், முன்பே அதில் இருந்த கிராபிக்ஸ் கார்டைக் கழற்ற முடியாதவர்களாயிருந்தார்கள். ஏனெனில் புதிய அட்டைக்குக் கடிதம் எழுதும் திரையையோ கணக்குப் போடும் திரையையோ காட்டத் தெரியாது. முக்கோணங்களை இணைத்துக் கட்டிய ஓர் உலகத்தை, அவற்றின் மேல் சித்திரங்களைப் போர்த்தி, எது முன்னே நிற்கிறது எது பின்னே மறைகிறது என்று பகுத்து, விநாடிக்கு விநாடி பல தடவை தீட்டிக் காட்டுகிற ஒரே வித்தைதான் அதற்குத் தெரியும். பழைய அட்டையிலிருந்து ஒரு கேபிள் புதியதற்கும், புதியதிலிருந்து மற்றொன்று மானிட்டருக்கும் போகும். விளையாட்டு ஆரம்பிக்கும்போது உள்ளேயிருக்கும் ரிலே 'டக்' என்று சப்தமிட்டுத் திரையைத் தன் வசமாக்கிக் கொள்ளும். விளையாட்டு முடிந்ததும் இன்னொரு 'டக்'. வேறெந்தப் பிரயோஜனமும் இல்லாத ஒரு பொருளுக்காக நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள் முந்நூறு டாலர் சேர்த்து வைக்கத் தொடங்கியது இந்த அட்டையிலிருந்துதான்.

அதற்கு முன்னால் இந்த வியாபாரம் ஆபீஸ்காரர்களுடையது. 1981-இல் ஐபிஎம் தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, எழுத்தை மட்டும் காட்டும் அட்டை ஒன்றையும், சித்திரம் வரையச் சொன்னால் நான்கே வர்ணங்களில் வரைந்து காட்டும் அட்டை ஒன்றையும் விற்றது. அடுத்த வருஷம் வந்த ஹெர்குலிஸ் அட்டையின் பிறப்பு மாத்திரம் நம்மவர் கவனத்துக்குரியது. வான் சுவன்னுகுல் என்ற தாய்லாந்துக்காரர், தமது ஆராய்ச்சி நூலைத் தம் தாய்மொழி எழுத்திலேயே கம்ப்யூட்டரில் எழுத விரும்பி, அதற்கு இடங்கொடுக்கும் அட்டை கடையில் கிடைக்காமற் போகவே, தாமே ஒன்றைச் செய்து, அதையே ஒரு கம்பெனியாகவும் வளர்த்தார். தன் லிபியைத் திரையில் காண வேண்டும் என்ற ஆசை ஒரு தொழிலுக்கே அஸ்திவாரமாயிற்று என்பதைப் படிக்கையில், தமிழ் எழுத்துக்களோடு கம்ப்யூட்டரில் மல்லாடிய தலைமுறைக்குச் சற்றே பொறாமை உண்டாகலாம்.

'ரைட்டியஸ் த்ரீடி' அட்டையின் மேல் ஆர்ச்சிட் கம்பெனியின் பெயர் இருந்ததே தவிர, அதன் உயிராகிய 'வூடூ' சிப்பு வேறொருவருடையது. ராஸ் ஸ்மித், காரி டரோலி, ஸ்காட் செல்லர்ஸ் ஆகிய மூவரும் 1994-இல் கலிபோர்னியாவில் த்ரீடிஎஃப்எக்ஸ் என்னும் கம்பெனியை ஸ்தாபித்தார்கள். இவர்கள் முன்னர் உத்தியோகம் பார்த்த சிலிக்கான் கிராபிக்ஸ், சினிமாக்காரர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் பெருந்தொகைக்கு யந்திரங்களை விற்று வந்த ஸ்தாபனம். அந்த வித்தையின் சாரத்தை மட்டும் பிழிந்தெடுத்து மலிவாகக் கொடுக்கலாம் என்பது இவர்கள் எண்ணம். ஆயினும் முதலில் அவர்கள் குறிவைத்தது வீட்டை அல்ல, காசு போட்டு விளையாடும் ஆர்கேட் கூடங்களை. 'சான் பிரான்சிஸ்கோ ரஷ்' என்ற கார்ப் பந்தய யந்திரத்துக்குள் இருந்தது வூடூதான். இந்நிலையில் 1996-இல் நினைவகச் சிப்புகளின் விலை திடீரென்று சரிந்தது. நான்கு மெகாபைட் நினைவகம் வைத்த அட்டையை முந்நூறு டாலருக்குள் செய்து லாபமும் பார்க்கலாம் என்ற நிலை ஏற்பட்டது. வீட்டுக்கு வந்த வழி இதுதான். தீர்க்கதரிசனம் என்று பின்னால் புகழப்பட்டதில் பாதி, சந்தை நிலவரம்.

மறுபாதியை 'குவேக்' செய்தது. 1997 ஜனவரியில் ஐடி சாப்ட்வேர் கம்பெனியின் ஜான் கார்மாக், அந்த விளையாட்டுக்கு முப்பரிமாண அட்டைகளைப் பயன்படுத்தும் ஒரு பதிப்பை வெளியிட்டார். அதுவரை கரடுமுரடான சதுரங்களாகத் தெரிந்த சுவர்கள் வழவழப்பாகின. தண்ணீருக்குள் பார்வை ஊடுருவியது. சிநேகிதன் வீட்டில் அதைக் கண்டுவிட்டு வந்தவனுக்குத் தன் வீட்டுக் கம்ப்யூட்டர் பிடிக்காமல் போயிற்று. கடைக்காரனுக்கு அதைவிட நல்ல விளம்பரம் வேண்டியிருக்கவில்லை. 1998-இல் வூடூ-2 வந்தபோது, ஒன்று போதாதென்பவர்கள் ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு அட்டைகளைச் செருகி, ஒரு வரியை ஒன்றும் அடுத்த வரியை மற்றொன்றுமாகத் தீட்டும்படி இணைத்துக் கொள்ளலாம் என்றார்கள். ஆக, அறுநூறு டாலர். உச்சத்தில் இருப்பதை வாங்க வேண்டும், அதிலும் உச்சமாக இரண்டை வாங்க வேண்டும் என்கிற மனோபாவம் நிலைபெற்றது அப்போதுதான் என்பது என் அபிப்பிராயம்.

இந்த வியாபாரத்தின் ஏற்பாட்டை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். சிப்பை வடிவமைப்பவர் ஒருவர். அதை வார்த்துக் கொடுக்கும் தொழிற்சாலை வேறு. அந்தச் சிப்பை வாங்கி, நினைவகமும் விசிறியும் சேர்த்து அட்டையாக்கி, பளபளக்கும் பெட்டியில் தன் பெயரை அச்சிட்டுக் கடைக்கு அனுப்புகிறவர் மூன்றாமவர். ஆர்ச்சிட், டைமண்ட், கிரியேட்டிவ் ஆகியவை இந்த மூன்றாம் வகை. வாங்குகிறவன் முகத்தை அறிந்தவர்களும், அட்டை பழுதானால் ஏச்சு வாங்கிக் கொள்கிறவர்களும் இவர்களே. ஆனால் அபிமானமெல்லாம் சிப்புக்குப் போயிற்று. 'வூடூ இருக்கிறதா?' என்றுதான் கேட்டார்களேயன்றி, யார் செய்த வூடூ என்பது அவர்களுக்கு இரண்டாம் பட்சம்.

அபிமானம் முழுதும் தனதாயிருக்க லாபத்தை ஏன் பங்கிட வேண்டும் என்ற யோசனை த்ரீடிஎஃப்எக்ஸ் கம்பெனிக்கு வந்தது இயற்கையே. 1998 டிசம்பரில், டெக்ஸாஸைச் சேர்ந்த எஸ்டிபி என்ற அட்டைக் கம்பெனியை, மெக்ஸிகோவின் ஹுவாரஸ் நகரில் அதற்கிருந்த தொழிற்சாலையோடு விலைக்கு வாங்குவதாக அறிவித்து, இனி எங்கள் சிப்பு எங்கள் பெட்டியில்தான் என்று தீர்மானித்தது. அதுவரை அதன் சரக்கைச் சுமந்து சென்றவர்கள் அத்தனை பேரும் ஒரே நாளில் அந்நியரானார்கள். சிப்பு வேண்டி அவர்கள் சென்று நின்ற வாசல்களில் பெரியது என்விடியாவினுடையது. 1993-இல் ஜென்சன் ஹுவாங், கிறிஸ் மலக்கோவ்ஸ்கி, கர்ட்டிஸ் பிரீம் ஆகியோர் தொடங்கி, முதல் சிப்பிலேயே அடிபட்டு, 1997-இல் ரீவா 128 என்ற சிப்பால் பிழைத்து எழுந்திருந்த கம்பெனி அது. அவர்கள் ஆறு மாதத்துக்கொரு சரக்கை இறக்க, எதிராளியோ அட்டை செய்து அடுக்குவதிலும் கடைகளுக்கு அனுப்புவதிலும் தன் சாமர்த்தியத்தைச் செலவிட்டு, நான்கு சிப்புகளும் சுவரில் செருகத் தனி மின்பெட்டியும் கொண்ட வூடூ-5 6000 என்ற அட்டையை, விற்பனைக்கே கொண்டுவர முடியாமல், மாதிரிகளோடு நிறுத்திக் கொண்டது. 2000 டிசம்பரில் தன் சொத்துக்களை என்விடியாவுக்கே விற்கச் சம்மதித்தது, 2002-இல் திவாலாயிற்று.

பிறகு இரண்டு கம்பெனிகளின் காலம்: என்விடியா ஒரு பக்கம், 2006-இல் ஏஎம்டி வாங்கிக் கொண்ட கனடாவின் ஏடிஐ மறுபக்கம். என்விடியாவின் உச்ச அட்டையின் விலை ஏறிக் கொண்டே போயிற்று: 2000-இல் ஜீஃபோர்ஸ்-2 அல்ட்ரா 499 டாலர். 2006-இல் 8800 ஜிடிஎக்ஸ் 599. 2013-இல் டைட்டன் 999. இடையில் ஒரே ஒரு சுகமான அத்தியாயம் உண்டு. 2008 ஜூனில் என்விடியா தன் ஜிடிஎக்ஸ் 280 அட்டைக்கு 649 டாலர் சொல்ல, சில நாட்களில் ஏஎம்டி, வேகத்தில் சற்றே குறைந்த ரேடியான் 4870 அட்டையை 299 டாலருக்கு இறக்கியது. 649 என்றிருந்தது சில வாரங்களுக்குள் 499 ஆயிற்று. விலை ஏறுவதற்கு விஞ்ஞானமே காரணம் என்று விற்பவர் சொல்லும்போதெல்லாம், இறங்கிய இந்தச் சம்பவத்தையும் நினைவில் வைத்துக் கொள்வது வாங்குகிறவனுக்கு நல்லது.

இதற்குள் விளையாட்டுக்காரன் அல்லாத வேறு மனிதர்கள் கடை வாசலில் சேர ஆரம்பித்தார்கள். 2012-இல் டொராண்டோ சர்வகலாசாலையின் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, ஜிடிஎக்ஸ் 580 என்ற சாதாரண விளையாட்டு அட்டைகள் இரண்டை வைத்துக் கொண்டு, படத்தைப் பார்த்துப் பொருளைச் சொல்லும்படி கம்ப்யூட்டருக்குப் பயிற்சி கொடுத்து, அவ்வருஷத்துப் போட்டியில் மற்றவர்களை வெகுதூரம் பின்னுக்குத் தள்ளினார். ஒரே மாதிரியான சின்னக் கணக்குகளை ஆயிரக்கணக்கில் ஏககாலத்தில் போடுகிற ஆற்றல், குவேக்கின் சுவருக்கும் உதவியது, இதற்கும் உதவியது. கிரிப்டோ நாணயம் தோண்டுவதற்கும் அதே ஆற்றல் உதவியதுதான் வினை. 2017-இல் ஒரு முறையும், 2020 செப்டம்பரில் 699 டாலருக்கு ஆர்டிஎக்ஸ் 3080 வெளிவந்த பின்னர் இன்னும் உக்கிரமாகவும் அட்டைகள் மாயமாயின. மனிதன் விரல் அசைக்குமுன் கணினி நிரல்கள் வாங்கித் தீர்த்து, இரட்டை விலைக்கு விற்றன. நியூஎக் என்னும் பெரிய கடை, காசு வைத்திருக்கிறவர்களுக்குள்ளேயே குலுக்கல் போட்டு, பெயர் விழுந்தவருக்கு வாங்கும் பாக்கியத்தை அளித்தது. தோண்டுகிறவர்களைத் தடுக்க என்விடியா 3060 அட்டையில் ஒரு பூட்டு வைத்தது. அடுத்த மாதமே, தான் வெளியிட்ட ஒரு டிரைவரால் தவறுதலாக அதைத் தானே திறந்தும் விட்டது. 2022 செப்டம்பர் 15-இல் எத்தீரியம் என்னும் கிரிப்டோ நாணயம், தோண்டுதல் வேண்டாதபடி தன் முறையை மாற்றிக் கொள்ளவே தோண்டும் தொழில் அடங்கி, உழைத்துக் களைத்த அட்டைகள் பழைய சாமான் சந்தையில் குவிந்தன.

அதே மாதத்தில்தான் ஈவிஜிஏ என்ற அட்டைக் கம்பெனி, 1999-இல் பிறந்து என்விடியாவின் சிப்புகளை மட்டுமே அட்டையாக்கி வந்த கம்பெனி, இனிக் கிராபிக்ஸ் கார்டு செய்வதில்லை என்று அறிவித்தது. தட்டுப்பாட்டின் நாட்களில் வாங்குகிறவர்களின் பெயரை வரிசையாக எழுதி வைத்துக் கொண்டு முறைப்படி விற்ற நியாயஸ்தர் என்று பெயரெடுத்தவர்கள் அவர்கள். சிப்பு என்ன விலைக்கு வரும், அட்டையை என்ன விலைக்கு விற்கலாம் என்பது கடைசி நிமிஷம் வரை தமக்குத் தெரிவிக்கப்படுவதில்லை என்பதும், 2016 முதல் 'பவுண்டர்ஸ் எடிஷன்' என்ற பெயரில் என்விடியா தானே அட்டை விற்றுப் போட்டி போடுகிறது என்பதும் அவர்களுடைய குறைகளுள் பிரதானமானவை. எஸ்டிபியை வாங்கி த்ரீடிஎஃப்எக்ஸ் ஒரே நாளில் செய்து மாண்டதை, என்விடியா பல வருஷங்களில், ஒருவரையும் வெளியே போ என்று சொல்லாமலே செய்து வருகிறது.

மகுட அட்டைக்கு இப்போது ராஜாங்க வியவகாரமும் சேர்ந்து விட்டது. 1,599 டாலருக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 4090, 2023 அக்டோபரில் அமெரிக்க அரசின் ஏற்றுமதித் தடைக்குள் அகப்பட்டுச் சீனாவுக்குப் போகாமல் நின்றது. சக்தியைச் சற்றுக் குறைத்து 4090டி என்ற பெயரில் ஒன்றை அந்நாட்டுக்கென்றே செய்தார்கள். 2025 ஜனவரி கடைசியில் 5090 வந்தபோது சொன்ன விலை 1,999 டாலர், தின்னும் மின்சாரம் 575 வாட். அம்மாதத்தோடு முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் டேட்டா சென்டர் வியாபாரம் ஏறத்தாழ 11,500 கோடி டாலர். விளையாட்டுக்காரர்களின் பங்கு 1,100 கோடியைச் சற்றே தாண்டியது. வெளியான அன்றே கடைகளில் 5090 தீர்ந்து போயிற்று.