உப்புக்காற்றும் சித்தப்பாவின் பேட்டரி சைக்கிளும்

காட்டுப்பள்ளி பக்கம் போயிருக்கிறீர்களா? கிழக்கே வங்கக்கடல், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய், நடுவில் மணல் திட்டு. அதன்மேல் துறைமுகம், கப்பல் கட்டும் தளம், மீனவக் குப்பங்கள். அப்படியே வடக்கே போனால் பழவேற்காடு. அங்கே இரும்பை வெளியே வைத்தால் துரு தின்றுவிடும்.

என் சித்தப்பா அங்கே பேட்டரி சைக்கிளில் மீன் விற்கிறார். ஒரே மழைக்காலம்தான், சார்ஜர் செருகும் இடம் பச்சை பூத்துவிட்டது. சைக்கிள் நின்றால் அன்றைய வியாபாரம் போச்சு. நான் திறந்து பார்த்தபோது ஒரு வேடிக்கை: பிளஸ் முனை மட்டும் அரிக்கப்பட்டிருந்தது, மைனஸ் முனை ஏறக்குறைய புதுசாக இருந்தது. காமர்ஸ் படிக்கிற எனக்கு டெபிட், கிரெடிட்தான் தெரியும். சரி, ஏன் இப்படி என்று தேடப்போனால், அது தந்தி காலத்துக் கதை!

கடலுக்கடியில் தந்திக் கம்பி போட நினைத்தவர்களுக்கு முதல் தலைவலியே தண்ணீர்தான். கம்பியை எதைக்கொண்டு மூடுவது? விடை மலாய்க் காடுகளிலிருந்து வந்தது. சிங்கப்பூரில் இருந்த மருத்துவர் மான்ட்கோமரி, கட்டாபெர்ச்சா என்ற மரப்பிசினை 1843-ல் லண்டனுக்கு அறிமுகப்படுத்தினார். அது மின்சாரத்தைக் கசியவிடாது என்று 1848-ல் ஃபாரடே எழுதினார். 1870-ல் சென்னையிலிருந்து பினாங்குக்குக் கடல்வழிக் கம்பி போட்டார்கள். மலாய் மரத்தின் பால் லண்டன் போய், செம்பின்மேல் சட்டையாகி, சென்னை வழியாக மலாய்க்கே திரும்பிவிட்டது பாருங்கள்!

ஆனால் அந்தச் சட்டையில் ஊசித்துளை விழுந்தாலும் போதும். கம்பியில் பிளஸ் மின்சாரம் இருந்தால் அந்த இடத்துச் செம்பு உப்புநீரில் கரைந்துபோகும். மைனஸ் இருந்தால் செம்பு தப்பிக்கும். தந்திக்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் இது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் பிளஸ்ஸை பூமியில் இறக்கிவிட்டு, லைனில் மைனஸ் 48 வோல்ட் கொடுப்பதும் இதனால்தான்.

அந்தக் காலத்து டைனமோ சைக்கிளுக்கு ஏன் இந்தத் தொல்லை இல்லை? சக்கரம் சுற்றினால்தான் அதில் மின்சாரம், அதுவும் 6 வோல்ட், திசை மாறி மாறி ஓடும். கறுப்பு டேப் சுற்றினால் போதும். (விளக்கில்லாமல் போனால் போலீஸ் பிடிக்கும் என்பதுதான் பெரிய கவலை!) பேட்டரி சைக்கிள் அப்படியல்ல. பல மாடல்களில், ஓட்டாமல் நிறுத்தியிருந்தாலும் செருகும் முனையில் 36 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும். உப்பு ஈரம் பட்டால் ராத்திரி முழுக்க பிளஸ் முனை கரையும்.

"ஐபி67 போட்டிருக்கே!" என்றார் சித்தப்பா. ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் தாங்கும் என்பதுதான் அதற்கு அர்த்தம். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. உப்புக்காற்றுக்குத் தனிச் சோதனை உண்டு. மூடியைத் திறந்துவிட்டால் எந்த நம்பரும் உதவாது.

இப்போது புது முனை மாற்றி, சிலிகான் கிரீஸ் தடவியிருக்கிறோம் (வாசலின் வேண்டாம், ரப்பர் மூடியை ஊதவைத்துவிடும்). ஒயரைக் கீழே தொங்கும்படி வளைத்துக் கட்டியதால் மழைநீர் உள்ளே ஓடாமல் சொட்டிவிடுகிறது. சித்தப்பா ராத்திரி பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் எடுத்து வருகிறார், முனையைத் துணியால் துடைத்துக் காயவிட்டுத்தான் சார்ஜரைச் செருகுகிறார். போன ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருநாள்கூட வண்டி நிற்கவில்லை.