டெசிபலும் மொழியும்: காது கேளாதோரின் பொதுச்சேவை, வேலைவாய்ப்பு உரிமைகள்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 காது கேளாமையை டெசிபலில் வரையறுக்கிறது. பேச்சொலி அலைவெண்களில் இரு காதுகளிலும் 70 டெசிபல் கேள்திறனை இழந்தவர் காது கேளாதவர். 60 முதல் 70 வரை இழந்தவர் கேள்திறன் குறைந்தவர். வேலைவாய்ப்பு இடஒதுக்கீடும் இந்த அளவைக் கொண்டே தொடங்குகிறது. ஒருவர் எந்த மொழியில் தம் நோயைச் சொல்வார், எந்த மொழியில் நேர்காணலுக்குப் பதில் தருவார் என்பதற்கு இந்த அளவுகோலில் இடமில்லை. சைகைமொழியினருக்குப் பொதுச்சேவையும் வேலையும் எட்டாமல் போவதற்கு இது ஒரு முதன்மைக் காரணம் என்பதும், மொழிபெயர்ப்புச் செலவை அரசு ஏற்காதவரை சட்டம் தந்த உரிமை ஏட்டளவில் நின்றுவிடும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

எண்ணிக்கைக்குள் மறைவோர்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் பதிவாயினர். அவர்களில் ஏறத்தாழ 50.7 லட்சம் பேர் செவித்திறன் குறையுடையோர். முதுமையில் கேள்திறனை இழந்து இன்றும் தமிழில் பேசிவரும் மூதாட்டியும், பிறவியிலேயே காது கேளாமல் சைகைமொழியில் வளர்ந்த இளைஞரும் இந்த ஒரே தொகைக்குள் அடங்குகிறார்கள். முன்னவருக்குக் காதொலிக் கருவி பயன்படலாம். பின்னவருக்கு வேண்டியவர் மொழிபெயர்ப்பாளர். இருவரையும் பிரித்தறியாத புள்ளிவிவரத்தைக் கொண்டு கருவி வழங்கும் திட்டம் தீட்டலாம். ஒரு மாவட்டத்துக்கு எத்தனை மொழிபெயர்ப்பாளர்கள் தேவை என்று கணக்கிட முடியாது.

எழுதிக் காட்டினால் போதாதா?

அலுவலகங்களில் வழக்கமாக எழும் கேள்வி இது. இந்தியச் சைகைமொழி தமிழையோ இந்தியையோ கைகளால் எழுதிக்காட்டும் முறையன்று. அதில் வினாச்சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியில் வரும். புருவமும் தலையசைவும் இலக்கணப் பணி செய்யும். உடலின் முன்னுள்ள இடவெளி யார் யாருக்குச் செய்தார் என்பதைக் காட்டும். வட்டாரத்துக்கு வட்டாரம் சொற்கள் மாறினாலும் இலக்கணம் பெரிதும் பொதுவானது என்பதை மொழியியலாளர் உல்ரிக்க செஷானின் ஆய்வுகள் காட்டின. எழுத்துத் தமிழ் சைகைமொழியினருக்கு இரண்டாம் மொழி. காது கேளாதோர் கல்வி குறித்த 1880ஆம் ஆண்டு மிலான் மாநாடு உதட்டசைவையும் பேச்சையும் உயர்த்தி, வகுப்பறையிலிருந்து சைகையை விலக்கத் தீர்மானித்தது. அதன் நிழல் நம் பள்ளிகள் மீதும் நீண்ட காலம் படிந்திருந்தது. சைகைமொழி மறுக்கப்பட்ட பிள்ளைக்கு எழுத்து மொழியும் அரைகுறையாகவே கைவந்தது. அப்படிப் படித்தவரிடம் அறுவைச் சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கினால், அதைத் தெளிந்து தந்த ஒப்புதலாகக் கொள்ள முடியாது. உடன்வந்த மகளை மொழிபெயர்க்கச் சொல்வதிலும் சிக்கல் உண்டு. நோயாளியின் அந்தரங்கம் பறிபோகிறது. கெட்ட செய்தியை அந்தப் பிள்ளையே தாய்க்குச் சொல்ல நேர்கிறது.

பொறுப்பு யாருடையது?

டெசிபலால் வரையறுக்கும் அதே 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு மொழியைக் கருத்தில் கொள்கிறது. மாற்றுத்திறனாளிகளின் சாட்சியத்தையும் வாதத்தையும் அவர்கள் விரும்பும் மொழியில் பதிவுசெய்ய அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது. காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் சைகைமொழி பெயர்ப்பாளர் வழியாக வாதிட்டார். முதலில் அந்த ஏற்பாட்டை வழக்கறிஞர் தரப்பே செய்தது. அடுத்த மாதம் நீதிமன்றமே அவருக்காக மொழிபெயர்ப்பாளரை அமர்த்தியது. பொறுப்பு தனிநபரிடமிருந்து நிறுவனத்துக்கு மாறிய இந்த இடமே கவனத்துக்குரியது. தாலுகா அலுவலகத்திலும் அரசு மருத்துவமனையிலும் காவல் நிலையத்திலும் நிகழ வேண்டிய மாற்றமும் இதுதான்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்து இந்தியா 2007இல் ஏற்புறுதி அளித்த ஐ.நா. உடன்படிக்கையின் 9ஆம் பிரிவு தொழில்முறைச் சைகைமொழி பெயர்ப்பாளர்களைக் குறிப்பிடுகிறது. 2015இல் தில்லியில் இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் அமைந்தது. 2021இல் அதன் அகராதி 10,000 சொற்களைத் தொட்டது. அகராதி இன்றியமையாதது, ஆனால் சேவை முகப்பில் கேட்கப்படும் கேள்விக்கு அது பதில் சொல்லாது. ரஜீவ் ராதூரி வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல்தன்மைக்கான தரங்கள் வெறும் பரிந்துரையாக இருக்கலாகாது, கட்டாய விதிகள் வேண்டும் என்றது. அந்த நெறியைச் சைகைமொழிக்கும் விரித்தால், எந்த அலுவலகத்தில், எவ்வளவு நேரத்துக்குள், யார் செலவில் மொழிபெயர்ப்பு கிடைக்கும் என்பதும் விதியாக வேண்டும்.

ஒரு விழுக்காடும் அதற்கப்பாலும்

2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு அரசு வேலைகளில் குறைந்தது 4 விழுக்காடு ஒதுக்கச் சொல்கிறது. அதில் 1 விழுக்காடு காது கேளாதோருக்கும் கேள்திறன் குறைந்தோருக்கும் பொது. எழுத்துத் தேர்வும் வாய்மொழி நேர்காணலும் நுழைவாயிலாக இருக்கும்போது, கருவியின் துணையுடன் பேசக்கூடியவருக்கே அந்த இடம் எளிதில் கிட்டும். நியமனம் பெற்றவருக்கும் பணிப்பயிற்சி, ஆய்வுக் கூட்டம், பதவி உயர்வு நேர்காணல் என ஒவ்வொரு படியிலும் மொழி குறுக்கே நிற்கும். இந்தத் தடைகளுக்கு நியாயமான தகவமைப்பை அரசு நிறுவனங்கள் செய்துதர வேண்டும் என்கிறது 20ஆம் பிரிவு. அதற்கான நிதித் தலைப்பு இல்லையென்றால் எந்தத் துறைத் தலைவரும் தாமாக முன்வரப் போவதில்லை. செலவு முழுவதும் தன் தலையில் விழும் என்றால் தனியார் முதலாளி சைகைமொழியினரைத் தவிர்க்கவே பார்ப்பார்.

பிரிட்டனின் ‘அக்சஸ் டு ஒர்க்’ திட்டம் 1994 முதல் இதற்கு ஒரு விடை தருகிறது. பணியாளரின் தேவை தனித்தனியாக மதிப்பிடப்பட்டு, மொழிபெயர்ப்புக் கட்டணத்துக்குப் பொதுநிதி தரப்படுகிறது. ஆண்டு உச்சவரம்பும் விண்ணப்பத் தாமதமும் அதன் குறைகள். அங்கே 2022இல் வந்த பிரிட்டிஷ் சைகைமொழிச் சட்டம் அம்மொழியை ஏற்றதே தவிர, தனிநபர் வழக்காடத்தக்க புதிய உரிமை எதையும் தரவில்லை. இரண்டையும் ஒப்பிட்டால், அன்றாட வேலையிடத்தில் அங்கீகாரத்தைவிட நிதி ஏற்பாடே முன்னே நிற்பது தெரிகிறது.

ஆள் எங்கே?

மொழிபெயர்ப்பாளர்கள் போதாது என்ற மறுப்பு உண்மையே. ஆனால் நிலையான ஊதியமில்லாத தொழிலுக்கு ஆள் சேராது. ஆள் இல்லையென்று சொல்லியே பணியிடமும் உருவாக்கப்படாது. இந்தச் சுழலை அரசுப் பணியிடங்களால் மட்டுமே உடைக்க முடியும். காணொளி வழி மொழிபெயர்ப்பு பதிவு அலுவலகம் போன்ற இடங்களில் பற்றாக்குறையை ஓரளவு ஈடுகட்டும். கையில் ஊசி ஏற்றப்பட்டுப் படுத்திருக்கும் நோயாளிக்கு அது உதவாது. அங்கே ஆள் நேரில் வர வேண்டும். இந்தியச் சைகைமொழி கற்பிப்பதற்கான பட்டயப்படிப்பு காது கேளாதோரையே ஆசிரியராக்குகிறது. மருத்துவர், காவலர், வருவாய்த்துறை அலுவலர் ஆகியோரின் பயிற்சியில் அவர்களை அமர்த்தினால் சேவையும் வேலைவாய்ப்பும் ஒருசேர விரியும்.

முடிவுரை

மூன்று மாற்றங்கள் உடனே தேவை. மாற்றுத்திறனாளிப் பதிவில் டெசிபலோடு பயன்பாட்டு மொழியையும் குறிக்க வேண்டும். மாவட்டந்தோறும் மொழிபெயர்ப்புப் பணியிடங்களும் தனி நிதித் தலைப்பும் வேண்டும். தனியார் பணியாளருக்கான மொழிபெயர்ப்புக் கட்டணத்தில் பொதுநிதி பங்கேற்க வேண்டும். இவற்றுள் முதலாவது பெருஞ்செலவில்லாதது. ஆனால் மற்ற இரண்டுக்கும் எவ்வளவு ஒதுக்குவது என்று கணக்கிட அதுவே அடிப்படை. ஆகவே சீர்திருத்தம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.