நெஞ்சறையைத் திறந்த வரலாறு

பாலக்காட்டுக் கணவாயில், கோவை மாவட்டத்தை ஒட்டி அமைந்த எல்லையூர் வேலந்தாவளம். அத்தகைய ஊர்களிலாயினும், பிழைப்பின் பொருட்டு நாம் குடியேறிய மும்பை, தில்லி முதலிய நகரங்களிலாயினும், இருமலில் குருதி கண்டால் காசநோய் என்றே முதலில் அஞ்சுகிறோம். அவ்வச்சம் நியாயமானதே. எனினும், சிலருக்கு அதன் காரணம் மூச்சுக்குழாயில் வளரும் கார்சினாய்டு என்னும் அரிய கட்டியாகும். நுரையீரல் கட்டிகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டே இவ்வகையின. மெதுவாக வளர்வதால், ஆஸ்துமா என்றோ காசம் என்றோ இது பல்லாண்டு கருதப்படுவதுண்டு.

நெஞ்சைத் திறந்தால் வெளிக்காற்று புகுந்து நுரையீரல் சுருங்கிவிடும். ஆதலால் அறுவை மருத்துவர்கள் நெடுங்காலம் தயங்கி நின்றனர். மூச்சுக்குழாயினுள் குழல் செலுத்தி, மயக்கவாயுவையும் பிராணவாயுவையும் அழுத்தத்துடன் ஊட்டும் முறை வளர்ந்தபின் அத்தடை நீங்கிற்று. 1933 ஏப்ரல் 5ஆம் நாள், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், புற்றுநோயுற்ற மருத்துவர் ஒருவரின் இடது நுரையீரல் முழுவதையும் எவார்ட்ஸ் கிரகாம் அகற்றினார். அந்நோயாளி ஏறத்தாழ 30 ஆண்டுகள் வாழ்ந்தார். கிரகாமோ 1957இல் நுரையீரல் புற்றுநோயாலேயே காலமானார்.

ஆயின், மெதுவாக வளரும் சிறு கட்டிக்காக ஒரு நுரையீரலையே இழக்க வேண்டுமா? இவ்வினாவுக்கு 1947இல் லண்டனில் விடை கிடைத்தது. கிளெமென்ட் பிரைஸ் தாமஸ், விமானப்படைப் பயிற்சி மாணவர் ஒருவருக்குக் கட்டியிருந்த மூச்சுக்குழாய்ப் பகுதியை மட்டும் வளையமாக வெட்டி நீக்கி, இரு முனைகளையும் சேர்த்துத் தைத்தார். பழுதுற்ற இடத்தை அறுத்துவிட்டு நீர்க்குழாயை மீண்டும் இணைப்பது போன்ற வேலை அது. நல்ல நுரையீரல் உடலிலேயே தங்கிற்று. நோயை முற்றும் நீக்குதலோடு, நீக்க வேண்டாததைக் காத்தலும் அறுவையின் கடமை என்பதை இவ்வரிய கட்டி உலகுக்குக் கற்பித்தது எனலாம்.

இக்கலை நம் நாட்டுக்கு வரவும் நெடுநாள் ஆகவில்லை. அமெரிக்க மருத்துவர் ரீவ் பெட்ஸ், 1949ஆம் ஆண்டளவில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நெஞ்சு அறுவைத் துறையை நிறுவினார். இந்தியாவில் இத்துறைக்கு முன்னோடி அதுவே. அங்குப் பயின்றோர் வழியே இக்கலை பிற நகரங்களுக்கும் பரவிற்று.

இன்று இக்கட்டியைக் காலத்தே கண்டு முற்றிலும் அகற்றினால், பெரும்பாலோர் நெடுங்காலம் நலமாக வாழ்கின்றனர். ஆதலின், சளியில் காசக்கிருமி காணப்படாமலே குருதி தொடர்ந்தாலும், மருந்துண்டும் இழுப்பு நீங்காவிடினும், மூச்சுக்குழாயை உள்நோக்கிக் காணும் சோதனை வேண்டுமா என மருத்துவரைக் கேட்டறிவோமாக. ஊரில் உள்ள முதியோருக்கும் இதனை எழுதித் தெரிவிப்பது நம் கடமையாகும்.