மாற்றியமைக்கப்பட்ட தானுந்துகளில் பின்வெடிப்பு

பின்வெடிப்பு (பேக்ஃபயர்) என்பது உள் எரி பொறியில் எரிபொருட்கலவை உருளைக்குள் எரிந்து முடியாமல், உள்ளெடுப்புக் குழாயிலோ வெளியேற்றுக் குழாயிலோ எரிந்து வெடியோசை எழுப்பும் நிகழ்வு ஆகும். வெளியேற்றுக் குழாயில் நிகழ்வதைப் பின்னெரிவு (ஆஃப்டர்ஃபயர்) எனப் பிரித்துக் கூறுவதும் உண்டு. பேச்சுவழக்கில் இரண்டும் ஒரே பெயரால் குறிக்கப்படுகின்றன. பொறியின் பாகங்கள் மாற்றியமைக்கப்பட்ட தானுந்துகளில், உணரிகள் தரும் அளவீடும் பொறியின் உண்மை நிலையும் ஒத்துப்போகாமை இதற்கு ஒரு முக்கிய காரணமாகும்.

வகைகள்

உள்ளெடுப்புப் பின்வெடிப்பு: கலவையில் எரிபொருள் குறைவாக இருந்தால் தீச்சுடர் மெதுவாகப் பரவும். உள்ளெடுப்பு வால்வு மீண்டும் திறக்கும்போதும் எரிதல் நீடித்தால், சுடர் பின்னோக்கிப் பாய்கிறது. வால்வு சரியாக மூடாமை, தீப்பொறி தவறான நேரத்தில் எழுதல் ஆகியவையும் இதனை உண்டாக்கும்.

வெளியேற்றுப் பின்வெடிப்பு: எரிபொருள் மிகுந்த கலவை, தீப்பற்றாத சுழற்சி (மிஸ்ஃபயர்), காலந்தாழ்ந்த தீப்பொறி ஆகியவற்றால் எரியாத எரிபொருள் சூடான வெளியேற்றுக் குழாயை அடைந்து அங்கே பற்றிக்கொள்கிறது.

உணரிகளின் பங்கு

பெட்ரோல் முழுமையாக எரிய, நிறை அளவில் ஒரு பங்கு எரிபொருளுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. இவ்விகிதத்தைப் பேணக் கட்டுப்பாட்டுக் கணினி பின்வரும் உணரிகளைச் சார்ந்துள்ளது:

* காற்று நிறை உணரி அல்லது உள்ளெடுப்பு அழுத்த உணரி: உள்ளே வரும் காற்றின் அளவை அறிய உதவுகிறது.
* ஆக்சிசன் உணரி: வெளியேற்று வளிமத்தில் எஞ்சிய ஆக்சிசனைக் காட்டுகிறது. சிர்க்கோனியா வகை உணரியின் மின்னழுத்தம், எரிபொருள் குறைந்த கலவையில் சுமார் 0.1 வோல்ட்டாகவும், மிகுந்த கலவையில் சுமார் 0.9 வோல்ட்டாகவும் இருக்கும்.
* கிராங்க் தண்டு உணரி, கேம் தண்டு உணரி: தீப்பொறி, எரிபொருள் தெளிப்பு ஆகியவற்றின் நேரத்தைக் கணிக்க உதவுகின்றன.
* குளிர்நீர் வெப்பநிலை உணரி, திராட்டில் நிலை உணரி.

மாற்றியமைப்பால் ஏற்படும் பிழைகள்

காற்று நிறை உணரி, தான் பொருத்தப்பட்ட குழாயின் விட்டத்திற்கேற்ப அளவீடு செய்யப்பட்டது. அக்குழாயை அகலமானதாக மாற்றினால், உணரி பழுதடையாமலேயே காற்றைக் குறைத்துக் காட்டும். எண்ணெய் தடவிய காற்று வடிகட்டியிலிருந்து கசியும் எண்ணெயும் அதன் சூட்டுக் கம்பியில் படிந்து அளவீட்டைக் கெடுக்கலாம். பெரிய எரிபொருள் தெளிப்பிகளைப் பொருத்திவிட்டு, கணினியின் நிரலை மாற்றாமல் விட்டால் கலவையில் எரிபொருள் மிகும்.

சுபாரு இம்பிரேசா டபிள்யூ.ஆர்.எக்ஸ் தானுந்து ஒரு தெளிவான எடுத்துக்காட்டு. இதில் காற்று நிறை உணரி டர்போசார்ஜருக்கு முன்னால் உள்ளது. திராட்டில் மூடும்போது மிகும் காற்றை மூல வால்வு டர்போவின் நுழைவாய்க்கே திருப்பி அனுப்புகிறது. ஓசைக்காக அதனை வெளியே ஊதும் வால்வாக மாற்றினால், ஏற்கெனவே அளக்கப்பட்ட காற்று வெளியேறிவிடுகிறது. கணினியோ அந்தக் காற்றுக்கும் சேர்த்து எரிபொருள் தெளிக்கிறது. இதனால் பற்சக்கரம் மாற்றும் வேளைகளில் கலவை மிகுந்து வெடியோசை எழலாம்.

கண்டறிதல்

1. சேமிக்கப்பட்ட பிழைக் குறியீடுகளைப் படித்தல். பி0300 தீப்பற்றாமையையும், பி0171 எரிபொருள் குறைவையும், பி0172 எரிபொருள் மிகுதியையும், பி0335 கிராங்க் தண்டு உணரியின் மின்சுற்றையும் குறிக்கும்.
2. பொறி குளிர்ந்திருக்கும்போது அளவீடுகளை ஒப்பிடுதல். குளிர்நீர் வெப்பநிலை சூழல் வெப்பநிலையோடும், பொறி நின்றிருக்கையில் உள்ளெடுப்பு அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தோடும் (கடல்மட்டத்தில் சுமார் 100 கிலோபாசுக்கல்) ஒத்திருக்க வேண்டும்.
3. எரிபொருள் திருத்த விழுக்காட்டை நோக்குதல். காற்று நிறை உணரி கொண்ட பொறியில், வெற்றோட்டத்தில் திருத்தம் மிகுந்து, வேகம் கூடும்போது குறைந்தால் காற்றுக் கசிவை ஐயுறலாம். சுமை கூடக்கூடத் திருத்தமும் கூடினால், எரிபொருள் அழுத்தத்தையும் காற்று நிறை உணரியையும் சோதிக்க வேண்டும்.
4. புகை செலுத்திக் கசிவைத் தேடுதல்.
5. தீப்பொறிச் செருகிகள், சுருள்கள், தீமூட்டு வரிசை ஆகியவற்றைச் சோதித்தல். தனிக் கட்டுப்பாட்டுக் கணினி பொருத்திய தானுந்துகளில், கணினி காட்டும் தீமூட்டு நேரம் உண்மையானதுதானா என நேரவிளக்கால் உறுதிசெய்ய வேண்டும்.

குறியீடு ஓர் உணரியைச் சுட்டுவதாலேயே அவ்வுணரி பழுது எனக் கொள்ளலாகாது. ஓர் உருளை தீப்பற்றாதபோது எரியாத ஆக்சிசன் வெளியேறுகிறது. ஆக்சிசன் உணரி அதனை எரிபொருள் குறைவு எனக் காட்ட, கணினி மேலும் எரிபொருளைச் சேர்க்கிறது. உணரிக்கு முன்னுள்ள வெளியேற்றுக் குழாய்க் கசிவும் இதே மயக்கத்தை உண்டாக்கும். இந்நிலைகளில் உணரியை மாற்றுவதால் பயன் இராது.

விளைவுகள்

எரியாத எரிபொருள் வினையூக்கி மாற்றியினுள் எரிந்தால், அதன் பீங்கான் உட்பகுதி உருகி வெளியேற்று வழி அடைபடக்கூடும். உள்ளெடுப்புப் பின்வெடிப்பு நெகிழியாலான உள்ளெடுப்புக் குழாய்த் தொகுதியை உடைக்கலாம். எரிபொருள் கசிவும் இருப்பின் தீவிபத்து நேரலாம். ஆகவே, மீண்டும் மீண்டும் பின்வெடிப்பு நிகழும் தானுந்தைக் காரணம் அறியும்வரை ஓட்டாதிருப்பதே பாதுகாப்பானது.

பேரணிப் பந்தயத் தானுந்துகளில் டர்போவின் சுழற்சி குறையாதிருக்க வெளியேற்றுப் பக்கத்தில் வேண்டுமென்றே எரிபொருளை எரிப்பதுண்டு. இம்முறை டர்போவையும் வெளியேற்றுக் குழாயையும் மிகுதியாகச் சூடாக்கி, அவற்றின் ஆயுளைக் குறைக்கிறது.