தலைவலியும் தலையெழுத்தும்

பிள்ளை பெற்ற பத்தாம் நாள், இளந்தாய்க்குத் தலைவலி. மறுநாள் வாந்தி. அதற்கடுத்த நாள் வலிப்பு; பின்னர் ஒரு பக்கத்துக் கையும் காலும் செயலற்றன. "சன்னி கண்டுவிட்டது" என்றனர் முதியோர். "காற்று கறுப்பு" என்றான் பூசாரி. வேப்பிலை அடித்தனர், திருநீறு பூசினர். இறுதியில், "அவள் தலையெழுத்து" என்று கூறி அழுதனர். நம் பாட்டிமார் காலத்து வீடுகள் கண்ட காட்சி இது.

தோழர்களே! தலையில் எழுதியிருந்ததைப் படித்தவர் எவருமில்லை. தலைக்குள் இருப்பதைப் படிக்கக் கற்றவர்களின் வரலாறு உண்டு.

1851இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், கண்ணின் உட்புறத்தை நோக்கும் கருவியைத் தந்தார். மண்டைக்குள் அழுத்தம் மிகுந்தால் விழிநரம்பின் முனை வீங்குவதை மருத்துவர்கள் அதன் வழியே கண்டனர். 1891இல் குவின்கே முதுகுத் தண்டிலிருந்து ஊசியால் நீரெடுத்தார். மூளைக்காய்ச்சலைச் சோதித்தறிய வழி பிறந்தது. 1895இல் வந்த எக்ஸ்-கதிர் எலும்பைக் காட்டியது, மூளையைக் காட்டவில்லை. அந்தக் குறை 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் தீர்ந்தது. இசைத்தட்டு விற்ற இ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டு படைத்த சி.டி. ஸ்கேன், நோயாளி ஒருவரின் மூளையை முதன்முறையாகப் படம்பிடித்தது. 1979இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

தமிழகம் கைகட்டி நின்றதா? இல்லை! இந்தியாவின் முதல் மூளை நரம்பு அறுவைத் துறையை 1949இல் வேலூரில் தொடங்கினார் ஜேக்கப் சாண்டி. அடுத்த ஆண்டே சென்னைப் பொது மருத்துவமனையில் அப்பணியைத் தொடங்கினார் பி. ராமமூர்த்தி. கருவுற்ற பெண்களும் பிள்ளை பெற்றவர்களுமாக 135 பேரின் மூளைக் குழாய்களில் குருதி உறைந்த வரலாற்றை, 1983இல் உலகின் முன் வைத்தார் மதுரை மருத்துவர் கே. சீனிவாசன். சன்னி என்ற பெயருக்குள் ஒளிந்திருந்த நோய்களுள் ஒன்று வெளிச்சத்திற்கு வந்தது.

பேறுகாலத்தில் குருதி எளிதில் உறையும். அவ்வேளையில், "பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் ஆகாது" என்று நாவறள விடுவது என்ன நீதி? உடலில் நீர் வற்றுவதும் உறைவுக்குத் துணைபோகும். உறைவைத் தடுக்க மருந்து உண்டு. காலத்தே வந்தோரில் மிகப் பலர் பிழைக்கின்றனர்.

திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்ட் உழைத்து, ஒரு மாத்திரையை விழுங்கி, மீண்டும் தையல் எந்திரத்தின் முன் அமரும் சகோதரிகள் எத்தனை பேர்! அவர்தம் தலைவலியில் பெரும்பாலானவை உணவும் உறக்கமும் ஓய்வும் கிடைத்தால் தீரும். ஆனால், இடிபோல் திடீரெனத் தாக்கும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைக்கும் வலி, வலிப்பு, வாய் குழறல், பார்வை மங்கல், கைகால் தளர்ச்சி ஆகியவற்றோடு வரும் வலி, தலையில் அடிபட்டபின் வளரும் வலி, ஐம்பது வயதுக்குமேல் புதிதாய்த் தொடங்கும் வலி, பேறுகாலத்தில் வரும் கடும் வலி, இவை மருந்துக்கடையோடு முடிபவை அல்ல. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவை. திருப்பூரிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

இளைஞனே! உன் தெருவில் ஒரு தாய் தலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால், வேப்பிலை தேடுவோரிடம் வாதாடி நேரத்தை வீணாக்காதே. வண்டியைக் கொண்டுவா. நம் பகுத்தறிவுக்கு அதுவே தேர்வு.